செவிலிய மாணாக்கரும் தொழில்சார் தகவமைவும்



நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என மருத்துவத்துக்கு நான்கு அங்கங்களை வகுத்தார் திருவள்ளுவர். சரக சம்ஹிதையும் இந்நான்கையே மருத்துவத்தின் நான்கு பாதங்களாக எண்ணுகிறது. பேணுபவரை மருத்துவனுடைய ஏவலாளாக ஒதுக்கிவிடாமல், அவனோடு ஒக்க வைத்து எண்ணத்தக்க தனியோர் அங்கமாகப் பாராட்டிய அப்பெரியோரின் நுண்ணறிவை இந்த அவையில் நினைவுகூர்வது தகும். சரகர் மேலும் ஒரு படி சென்று, பேணுபவருக்கு வேண்டிய குணங்களைச் சொல்லும்போது, பணிவிடையின் முறைகளை அறிந்திருத்தல், செயலில் சாமர்த்தியம், அன்பு, தூய்மை என்று நான்கினை விதந்து கூறுகிறார். இவற்றுள் ஒன்றேனும் இன்றுவரை பழமைப்பட்டுப் போகவில்லை. ஆயினும், இன்று செவிலியக் கல்லூரியில் காலடி எடுத்து வைக்கும் மாணவி ஒருத்திக்கு இவற்றோடு இன்னோர் ஆற்றலும் இன்றியமையாததாகிவிட்டது. தான் கற்கும் தொழிலானது கற்றுக்கொண்டிருக்கும்போதே உருமாறி வருவதை அறிந்து, அம்மாற்றத்துக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டு, எந்த நிலையிலும் தன் அறிவையும் மனச்சான்றையும் இழந்துவிடாமல் மேற்செல்லும் ஆற்றலே அது. இதனையே உளநூலார் தொழில்சார் தகவமைவு என்கின்றனர். இவ்வாற்றல் மாணாக்கரிடத்தில் எவ்வெக் காரணங்களால் வளர்கிறது, எவ்வெக் காரணங்களால் குன்றுகிறது என்பதே இன்றைய என் விசாரணை. மாணவியர் என்றே நான் பெரும்பாலும் சொல்லப்போகிறேன். இத்துறையில் பயிலும் ஆண் மக்களையும் அச்சொல்லில் அடக்கியே பேசுகிறேன் என்று கொள்ள வேண்டுகிறேன்.

இக்கருத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. டொனால்டு சூப்பர் என்னும் அமெரிக்க உளநூலறிஞர், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், இளைஞர் ஒருவர் இன்ன வயதில் தம் தொழிலைக் குறித்து இன்ன அளவு சிந்தித்துத் தெளிந்திருக்க வேண்டும் என்று ஒரு வளர்ச்சிக் கிரமத்தை வகுத்து, அதனைத் தொழில் முதிர்ச்சி என்று வழங்கினார். பள்ளியை விட்டு நீங்கியவன் ஓர் உத்தியோகத்தில் அமர்ந்து அதிலேயே ஓய்வு பெறுவது சகஜமாயிருந்த காலத்தில் அக்கருத்து பொருத்தமாகவே இருந்தது. ஆனால், வயது வந்தவர்களும் தொழிலை மாற்றிக்கொள்ளவும் புதிதாய்க் கற்றுக்கொள்ளவும் நேர்ந்த நிலைமையைக் கண்டு, 1981-இல் சூப்பரே நேசல் என்பவரோடு சேர்ந்து, முதிர்ச்சி என்பதற்குப் பதிலாகத் தகவமைவு என்னும் கருத்தை முன்வைத்தார். 1997-இல் மார்க் சவிக்காஸ், சிறுவர்க்கும் பெரியவர்க்கும் பொதுவாக அதனையே கொள்ள வேண்டும் என்று வாதித்தார். எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை, அவ்வெதிர்காலத்தை அமைப்பதில் தனக்குப் பங்கு உண்டு என்னும் ஆளுகை, இருக்கும் வழிகளைத் துருவிக் காணும் ஆவல், இடையூறு நேரினும் செய்து முடிப்பேன் என்னும் தன்னம்பிக்கை ஆகிய நான்கும் தகவமைவின் கூறுகள் என்பது அவர் கொள்கை. 13 நாடுகளின் ஆய்வாளர் கூடி உழைத்ததன் பயனாக, 24 வாக்கியங்களைக் கொண்ட ஓர் அளவுகோலும் 2012-இல் வெளிவந்தது. சீனம், துருக்கி முதலிய தேசங்களில் செவிலிய மாணாக்கரிடையே நடந்துவரும் ஆராய்ச்சிகள் பலவும் இவ்வளவுகோலைக் கொண்டு நிகழ்ந்தவையே.

சவிக்காஸின் கொள்கையில் பலரும் கவனியாது விட்டுவிடுகின்ற ஒரு பகுதியே எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது. இந்நான்கும் பிறவியிலேயே வாய்க்கும் சுபாவங்கள் அல்ல. மனிதரும் அவரைச் சூழ்ந்த உலகமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் உருவாகின்ற வளங்கள் என்பதே அவர் கூற்று. அப்படியாயின், ஒரு மாணவிக்குத் தகவமைவு போதவில்லை என்று நாம் தீர்ப்புச் சொல்லும்போது, அவளைச் சூழ்ந்திருந்த உலகத்தையும், அவ்வுலகத்தில் ஓர் அங்கமாக நின்ற நம்மையும் சேர்த்தே அத்தீர்ப்பு குறிக்கிறது.

இப்பொருள் நம் நாட்டிற்கு ஏன் இன்று அவசரமானது என்பதைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால் தெளியலாம். சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. வேலூரில் 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியப் பணியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், 1909-இல் அங்கே செவிலியர் பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார்; அப்பள்ளி 1946-இல் பட்டப் படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. தில்லியிலும் அதே ஆண்டில் செவிலியத்துக்கெனத் தனிக் கல்லூரி ஏற்பட்டது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்வதற்குப் போர் என்பவர் தலைமையில் அமைந்த குழு அவ்வாண்டிலேயே வெளியிட்ட அறிக்கை, இந்திய நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருந்தார் என்று கணக்கிட்டு, 1971-ஆம் ஆண்டுக்குள் 500 பேருக்கு ஒருவர் என்னும் நிலையை எய்த வேண்டும் என்று விதித்தது. அத்துணைப் பற்றாக்குறை நிலவிய காலத்தில் பயிற்சி முடித்து வெளிவந்த ஒரு பெண்ணுக்கு முன்னே கிடந்த பாதை ஏறக்குறைய ஒன்றுதான்: ஏதேனும் ஒரு மருத்துவமனையின் வார்டில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தலைமைச் செவிலியராகவோ கண்காணிப்பாளராகவோ ஓய்வு பெறுவது. எங்கே வேலை கிடைக்கும், அது என்ன வேலையாயிருக்கும் என்னும் கேள்விகள் அவளை அதிகமாக வாட்டியிருக்க மாட்டா.

இன்றோ நிலைமை முற்றிலும் வேறு. மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரின் எண்களை வாசித்துக்கொண்டிருப்பவளும் செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையிலிருந்து எழ இயலாத முதியவரின் குடிசைக்குள் குனிந்து நுழைந்து புண்ணுக்குக் கட்டுப் போடுபவளும் செவிலியர். கிராமத்து நலவாழ்வு மையத்தில் மருத்துவர் இல்லாத வேளையில் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் தானே பரிசோதித்து முடிவெடுக்கும் இடைநிலைப் பணியும் ஏற்பட்டுவிட்டது. டயாலிசிஸ், புற்றுநோய்ச் சிகிச்சை, வலி தணிக்கும் பேணல், தொற்றுக் கட்டுப்பாடு என ஒவ்வொன்றும் தனிக் கல்வியை வேண்டி நிற்கின்றது. கடல் கடந்து செல்வதாயின், வளைகுடா நாடுகளுக்கு உரிமத் தேர்வு வேண்டும்; இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வோடு கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் வேண்டும்; அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வு; ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியையே கற்றாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 59 லட்சம் செவிலியர்கள் குறைவாயிருந்தனர் என்று மதிப்பிட்டது. இத்துணை வழிகள் திறந்திருக்கும் ஒரு தொழிலில், எவ்வழி தனக்கு உகந்தது என்று ஆராயும் பழக்கமே இல்லாமல் ஒரு மாணவியை நாம் பட்டமளித்து அனுப்புவோமாயின், திறந்திருக்கும் வழிகளின் மிகுதியே அவளுக்குத் திகைப்பாய் முடியும்.

எது தகவமைவு அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனெனில், நம் செவிலியப் பள்ளிகளில் நெடுங்காலமாக வேறொன்றைத் தகவமைவு என்று மயங்கி வந்திருக்கிறோம். விடுதியில் சொன்ன நேரத்தில் விளக்கணைப்பவள், வார்டில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், எந்தப் பணியை எந்த ஷிஃப்டில் இட்டாலும் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்பவள், இவளையே எவ்விடத்திலும் பொருந்திக்கொள்ளும் நல்ல மாணவி என்று நற்சான்று எழுதித் தந்திருக்கிறோம். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட தொழிலில் ஒழுங்கு இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கீழ்ப்படிதலையே பிரதான குணமாகப் பயிற்றும்போது, ஆளுகை, ஆவல் ஆகிய இரண்டு கூறுகளையும் நாமே நம் கையால் நறுக்கிவிடுகிறோம். கேள்வி கேட்பது அடக்கமின்மை என்று முதலாண்டில் கற்றுக்கொண்டவள், நான்காம் ஆண்டில் தன் எதிர்காலத்தைப் பற்றிக் கேள்வி கேட்பாள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? 1860-இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் செவிலியர் பள்ளியை ஏற்படுத்திய புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் விளக்கேற்று விழாவை ஆண்டுதோறும் நடத்துகிறோம். அவர் ஏற்படுத்திய கட்டுப்பாட்டைப் பக்தியோடு பின்பற்றுகிறோம். கிரிமியப் போர்க்களத்தின் மரணங்களைக் கணக்கெடுத்து, அவற்றுள் தவிர்த்திருக்கக்கூடியவை எவை என்று படம் வரைந்து காட்டி, இராணுவ அதிகாரிகளை விடாமல் வினவிய அந்த அம்மையாரின் மனப்பான்மையை, 1858-இலேயே இங்கிலாந்தின் புள்ளியியற் கழகத்தில் முதற் பெண் உறுப்பினராய் அவரை அமரச் செய்த அந்த ஆராய்ச்சி வேட்கையை, நம் மாணவியர்க்கு நாம் போதிய அளவு கொடுக்கவில்லை.

இனி, மாணவி இத்துறைக்கு எவ்வாறு வந்து சேர்கிறாள் என்பதைக் காண்போம். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பாடத்தை எடுத்தவர்களில் பெரும்பாலோர் முதலில் விரும்புவது மருத்துவப் படிப்பை. நீட் தேர்வில் இடம் கிடையாதபோது, அடுத்தடுத்த படிகளாக இறங்கி வந்து செவிலியத்தில் நிற்பவர் பலர். வேறு சிலருக்கு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவரின் வாழ்வைக் கண்ட பெற்றோரே முடிவெடுத்துவிடுகின்றனர். மிகச் சிலரே சிறு வயதில் நோயுற்ற பாட்டியைப் பேணிய நினைவாலோ, ஊர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியரைக் கண்ட மதிப்பாலோ தாமே விரும்பி வருகின்றனர். சீன தேசத்தில் நடந்த ஆய்வுகள் சிலவற்றில், தாமே விரும்பிச் செவிலியத்தைத் தேர்ந்தவர்கள், மதிப்பெண் காரணமாக அதில் ஒதுக்கப்பட்டவர்களைக் காட்டிலும் தகவமைவில் மேம்பட்டிருந்தனர் என்று கண்டிருக்கின்றனர். இதில் வியப்பில்லை. ஆனால் வந்த வழியே விதி என்று கொள்வது பெரும் பிழையாகும். கட்டாயத்தால் வந்தவர்களுள் எத்தனையோ பேர் இரண்டாம் ஆண்டின் முடிவில் இத்தொழிலைத் தம் உயிராகக் கொண்டதையும், ஆசையோடு வந்தவர்கள் அதே இரண்டாம் ஆண்டில் மனம் கசந்து போனதையும் நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். இவ்விரு சாராருக்கும் இடையே நிகழ்ந்தது என்ன என்று ஆராய்ந்தால், நாம் சென்று சேருமிடம் மருத்துவமனையின் வார்டே.

வார்டினைப் பற்றி நான் சற்று விரிவாகவே பேச வேண்டும். வகுப்பறையில் பொம்மையின் கையில் ஊசி போட்டுப் பழகிய மாணவி, முதன்முதலாக ஒரு மனிதக் கையைத் தொடும் இடம் அது. முதன்முதலாக ஒரு மரணத்தைக் காணும் இடமும், அவ்வுடலைத் துடைத்து, தாடையைக் கட்டி, துணியிட்டு மூடி உறவினரிடம் ஒப்படைக்கும் கடமையைப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் செய்து முடிக்க வேண்டிய இடமும் அதுவே. மார்லீன் கிரேமர் என்னும் அமெரிக்கச் செவிலிய அறிஞர் 1974-இல் எழுதிய நூலில், கல்லூரியில் கற்ற இலட்சியங்களுக்கும் மருத்துவமனையின் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியால் புதுச் செவிலியர் அடையும் அதிர்ச்சியை விவரித்தார். நம் மாணவியர்க்கு அவ்வதிர்ச்சி பட்டம் பெற்ற பின்னர் வருவதில்லை. முதல் கிளினிக்கல் போஸ்டிங்கிலேயே வந்துவிடுகிறது. ஒரு படுக்கைக்கு ஒரு நோயாளி என்று பாடப் புத்தகத்தில் படித்தவள், தரையிலும் பாய் விரித்து நோயாளிகள் கிடப்பதைக் காண்கிறாள். ஒவ்வொரு செய்முறைக்கும் இத்தனை உபகரணங்கள் என்று பட்டியலை மனப்பாடம் செய்தவள், இருக்கும் இரண்டு தட்டுகளைக் கொண்டு எப்படியோ வேலையை முடிக்கும் மூத்த செவிலியரைக் காண்கிறாள். அந்த வேளையில் அவளுக்கு அருகே நிற்பவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தே, இடைவெளியைக் கண்டு அவள் கற்றுக்கொள்வதும் கைவிட்டுவிடுவதும் தீர்மானமாகின்றன.

ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். மாவட்ட மருத்துவமனை ஒன்றின் மருத்துவ வார்டில் எங்கள் மூன்றாம் ஆண்டு மாணவியர் பயிற்சியில் இருந்தனர். அந்த வார்டின் பொறுப்பாளரான தலைமைச் செவிலியர், மாணவியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே அழைப்பார். காலையில் ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது, அவரவர் கவனித்த நோயாளியைப் பற்றி அவரவரே சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த நியதி. காவிரிக் கரையோரத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த ஒரு மாணவி, வகுப்பில் வாய் திறவாதவள், அன்று தன் முறை வந்தபோது, இரவு முழுவதும் ஒரு நோயாளிக்குச் சிறுநீர் வெளியேற்றம் மணிக்கு மணி குறைந்து வந்ததைத் தாளில் குறித்து வைத்திருந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தலைமைச் செவிலியர் அத்தாளை வாங்கிப் பார்த்து, ரவுண்ட்ஸுக்கு வந்த மருத்துவரிடம் தாம் சொல்லாமல், அம்மாணவியையே சொல்லச் செய்தார். மருத்துவர் கேட்டார், சிகிச்சையை மாற்றினார். அவ்வளவே நிகழ்ந்தது. ஆனால் அன்று முதல் அம்மாணவியின் நடையே வேறாயிற்று. சிறுநீரகப் பிரிவில் பணியாற்ற என்ன படிக்க வேண்டும் என்று தானாகவே என்னைத் தேடி வந்து கேட்டாள். இன்று அத்துறையிலேயே நற்பெயரோடு விளங்குகிறாள். அதே ஆண்டில், வேறோர் இடத்தில், எங்கள் மாணவியர் சிலர் போஸ்டிங் முழுவதும் இரத்த மாதிரிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதிலும் பஞ்சும் துணியும் மடிப்பதிலுமே நாள்களைக் கழித்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோடு திரும்பினர். அங்கே அவர்களுக்குப் பெயர் இல்லை. ஸ்டூடண்ட் என்பதே எல்லோருக்கும் பெயர்.

ஆல்பர்ட் பாண்டூரா என்னும் உளநூலறிஞர் தன்னம்பிக்கையின் ஊற்றுக்களை ஆராய்ந்து, தானே ஒரு செயலைச் செய்து வெற்றி காண்பதே அவற்றுள் வலிமை மிக்கது, தன்னை ஒத்தவர் செய்யக் காண்பதும் பிறர் தரும் ஊக்கமொழியும் அதற்கு அடுத்தவை என்று 1977-இல் எழுதினார். நான் சொன்ன அந்த வார்டில் ஒரே காலை வேளையில் இம்மூன்றும் கூடின. தன்னம்பிக்கையை வளர்ப்பதற்கென ஆளுமை வளர்ச்சிப் பயிலரங்குகளைக் கல்லூரிகள் பணம் செலவிட்டு நடத்துகின்றன. அவற்றால் ஓரளவு நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், மேடையில் நின்று ஒருவர் இரண்டு மணி நேரம் பேசுவதால் விளையும் தைரியத்தைவிட, தான் குறித்த ஓர் எண்ணின் காரணமாக ஒரு நோயாளிக்குச் சிகிச்சை மாறிற்று என்று அறிவதால் விளையும் தைரியம் பன்மடங்கு உறுதியானது. புதியவர் படிப்படியாகவே நிபுணராகிறார் என்று 1984-இல் பட்ரிசியா பென்னர் ஐந்து நிலைகளை வகுத்துக் காட்டினாரே, அப்படிகள் யாவும் நோயாளியின் படுக்கையருகே வைத்த படிகள்தாம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து வந்த மாணவி, முதலாண்டில் உடற்கூற்றியலையும் உயிர் வேதியியலையும் ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும்போது, அவளுடைய அறிவே குன்றிவிட்டது போன்ற ஒரு தோற்றம் உண்டாகிறது. ஆசிரியரும் அப்படி எண்ணுகின்றனர், அவளும் அப்படியே நம்பிவிடுகிறாள். இந்நம்பிக்கை ஒருமுறை வேரூன்றிவிட்டால், வெளிநாட்டுத் தேர்வு, மேற்படிப்பு, ஆசிரியப் பணி ஆகிய எவையும் தனக்கு உரியவையல்ல என்று அவள் ஒதுங்கிக்கொள்கிறாள். நடவு வயலுக்குப் பெயர்த்து வந்த நாற்று முதற் சில நாள்கள் வெளுத்து வாடி நிற்பதைக் கண்டு, பயிர் பொய்த்தது என்று எந்த உழவனும் சொல்லுவதில்லை. அதே மாணவி, நெஞ்சு கரிக்கிறது என்றும், கிறுகிறுவென்று வருகிறது என்றும், அடிவயிற்றில் என்னமோ பண்ணுகிறது என்றும் ஒரு மூதாட்டி சொல்லுவதைப் பொறுமையோடு கேட்டு, மேலும் இரண்டு கேள்வி கேட்டு, அதன் பொருளை மருத்துவக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் பதிந்துவிடுகிறாள். இவ்வளவு நுட்பமான ஒரு காரியத்தை நாள்தோறும் செய்கின்றவளை மொழியறிவு இல்லாதவள் என்று எண்ணுவது எவ்வளவு அநியாயம்! முதலாண்டில் ஆங்கிலத்துக்கு உதவி செய்க. அவளுடைய தமிழை அவளது பலமாக எடுத்துச் சொல்லுக. இவ்விரண்டும் சேர்ந்து செய்யப்பட்ட இடங்களில் மாணவியர் எவ்வளவு விரைவில் நிமிர்கின்றனர் என்பதை இங்குள்ள ஆசிரியர் பலர் அறிவர்.

பொருள் நிலையைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை தகவமைவின் முதற் கூறு என்கின்றனர்; அக்கறை கொள்ளத்தக்க ஓர் எதிர்காலம் கண்ணுக்குத் தெரிந்தால் அல்லவா அக்கறை பிறக்கும்? கல்விக் கடன் வாங்கிப் படித்து முடித்து, தனியார் மருத்துவமனையில் கடனின் தவணைக்கும் போதாத சம்பளத்தில் சேர்பவர்களையும், அரசுப் பணியில் தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களையும் பார்த்தே மாணவியர் வளர்கின்றனர். உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட ஆணையின்படி அமைந்த மத்திய அரசின் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையாயினும் செவிலியர்க்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை அரசுச் செவிலியர்க்கு ஒப்பான ஊதியம் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், அதனை அறியாத இறுதியாண்டு மாணவியரை நான் சந்திக்கிறேன். தம் உரிமை இன்னது என்று அறியாதவர்க்கு ஆளுகை எங்கிருந்து வரும்? பட்டம் பெற்றவளின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒப்பந்தம் முடியும்வரை வேறிடம் செல்லவொட்டாமல் தடுக்கும் வழக்கம் சில இடங்களில் இன்னும் நீங்கவில்லை. தகவமைவைப் பற்றி எத்தனை ஆராய்ச்சிகள் செய்தாலும், சான்றிதழ் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கும் பெண்ணுக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. வெளிநாடு செல்ல விரும்புவோர்க்கு, அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இயங்கிவருகிறது. அப்படியிருந்தும் முகவர்களிடம் பணத்தைக் கொட்டி ஏமாறுவோர் குறையவில்லை. செய்தி சென்று சேரவில்லை என்பதே இதற்குக் காரணம்.

குடும்பத்தின் பங்கைக் குறித்து, முன்னே சொன்ன அந்த அளவுகோலோடு எனக்குச் சிறிது அபிப்பிராய பேதம் உண்டு. ஆளுகை என்னும் கூற்றை அளப்பதற்கு, முடிவுகளைத் தானே எடுப்பதில் ஒருவர் எவ்வளவு வல்லவர் என்று அவ்வளவுகோல் கேட்கிறது. தந்தை, தாய், அண்ணன் எல்லோரும் கூடியிருந்து பேசி முடிவெடுக்கும் ஒரு வீட்டுப் பெண், இக்கேள்விக்கு உண்மையாக விடை எழுதினால் குறைந்த எண்ணையே பெறுவாள். ஆனால், குடும்பத்தாரோடு வாதாடி, திருமணத்தை இரண்டு ஆண்டு தள்ளிவைக்கச் செய்து, அவர்கள் மனம் ஒப்ப மேற்படிப்புக்குச் செல்பவளின் ஆளுகை, யாரையும் கேளாமல் போகிறவளின் ஆளுகையைவிடக் குறைந்ததன்று. அதற்கு வேண்டிய சாமர்த்தியம் ஒருவேளை அதிகமே. ஆதலின், இவ்வளவுகோலை நம் மாணவியரிடத்துப் பயன்படுத்தும் இளம் ஆய்வாளர்கள், எண்களைக் கூட்டிப் போடுவதோடு நில்லாமல், அவர்களை உட்கார வைத்துப் பேசிக் கேட்கவும் வேண்டும். இன்னொன்றும் சொல்ல விழைகிறேன்: இவ்வளவுகோலில் பெறும் எண்ணைக் கொண்டு மாணவியரைத் தரம் பிரிக்கவோ, சேர்க்கையின்போது விலக்கவோ எவரேனும் முற்படுவாராயின், அது அறிவுக்கும் நீதிக்கும் ஒவ்வாத செயல். நாம் வளர்க்க வேண்டியதை வளர்க்காமல் விட்டுவிட்டு, அது வளரவில்லையே என்று அவளைத் தண்டிப்பதாக அது முடியும்.

ஆண் மாணாக்கரைப் பற்றி ஒன்று மட்டும். பெண்கள் வார்டிலும் பிரசவ அறையிலும் தயங்கி ஒதுங்கி நிற்க நேர்வதாலும், இது ஆணுக்கு உரிய வேலையா என்று ஊரார் கேட்பதாலும், அவர்களிடத்தில் தொழிற்பற்று உறுதிப்பட நாள் பிடிக்கிறது. அவர்களுக்கு முன்னே சென்ற ஆண் செவிலியர் ஒருவரையேனும் அவர்கள் கண்ணால் காணச் செய்வது ஆசிரியரின் கடமை. அவசர சிகிச்சையிலும் மனநலப் பிரிவிலும் சிறந்து விளங்கும் அத்தகையோர் நம்மிடையே பலர் உள்ளனர்.

இந்த அவையில் கூடியிருப்பவர்களை நோக்கி மூன்று விண்ணப்பங்களை வைத்து என் உரையை முடிக்கிறேன். தலைமைச் செவிலியர்களே, நாளைக் காலை உங்கள் வார்டுக்கு வரும் மாணவியைப் பெயர் சொல்லி அழையுங்கள். அவள் கவனித்த நோயாளியைப் பற்றி அவளையே பேசச் செய்யுங்கள். கல்லூரி நிர்வாகத்தாரே, படிப்பு முடிந்த அன்றே அவளுடைய சான்றிதழ்களை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். அறக்கட்டளையின் பொறுப்பாளர்களே, ஆண்டுக்கொரு சொற்பொழிவு நிகழ்த்த நீங்கள் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கிராமத்து நலவாழ்வு மையத்திலும், தீவிர சிகிச்சைப் பிரிவிலும், அயல்நாட்டு மருத்துவமனையிலும் பணியாற்றும் செவிலியர்களை அழைத்து வந்து, தாங்கள் சென்ற வழியையும், அதற்குப் பட்ட செலவையும், பெற்ற சம்பளத்தையும், இழந்தவற்றையும் ஒளிவு மறைவின்றி இம்மாணவியரிடம் தமிழில் எடுத்துச் சொல்லச் செய்யுங்கள். அவர்கள் சொன்னதை ஒரு சிறு நூலாக அச்சிட்டு, மூன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு மாணவிக்கும் விலையின்றி வழங்குங்கள்.